மு, இ, வ

எங்கள் வயதுக்காரர்கள் நாலு பேர் சேர்ந்தால், கொழும்பில் மழை பெய்யாமல் போன அந்த வருடத்தை எப்படியாவது கதைக்குள் இழுத்துவிடுகிறோம். நீர்த்தேக்கங்கள் வற்றி, நாளுக்குப் பல மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் கிடந்த வருடம். ஒருவர் மெழுகுதிரி வெளிச்சத்தில் படித்துச் சோதனை எழுதியதைச் சொல்வார். இன்னொருவர் காலி வீதிக் கடையில் உருகிப்போன ஐஸ்கிரீமை அரை விலைக்கு வாங்கிக் கோப்பையில் ஊற்றிக் குடித்ததைச் சொல்வார். எல்லோரும் சிரிப்பார்கள். நான் கேட்டுக்கொண்டிருப்பேன். அந்த வருடத்தில் என்னிடம் இருப்பது அக்காவைப் பற்றியது. அதை யாரும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. இப்போது எல்லோருக்கும் தலை நரைத்துவிட்டது. சொல்லிவிடுகிறேன்.

நாங்கள் கிளாலியில் படகேறி, வவுனியாவில் ஆமி தரும் பயணப் பாஸுக்குக் காத்துக் கிடந்து, வெள்ளவத்தைக்கு வந்து சேர்ந்தது அதற்கு முந்திய வருடம். அம்மா, அக்கா, நான். அப்பா பின்னால் வருவதாகச் சொல்லி யாழ்ப்பாணத்தில் நின்றுவிட்டார். மாமா, அம்மாவின் அண்ணன், கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒரு ஒழுங்கையில் மேல்மாடி ஒன்றை வாடகைக்கு எடுத்திருந்தார். ஒரு கொம்பனியில் கணக்காளர். மாமியும் பிள்ளைகளும் முதலிலேயே அவுஸ்திரேலியாவுக்குப் போய்விட்டார்கள். மாமாவின் விசா மட்டும் இழுபட்டுக்கொண்டிருந்தது. அதற்குப் பொலிஸில் ஒரு நற்சான்று எடுக்க வேண்டும். அந்த வீட்டில் நாங்கள் மெதுவாக நடந்தோம், மெதுவாகக் கதைத்தோம். ரயில் போகும்போது மட்டும் எல்லாம் அதிரும். அந்தச் சத்தத்துக்குள் அம்மா தும்முவாள், நான் சிரிப்பேன், அக்கா பாடுவாள். ரயில் போனதும் எல்லாம் நின்றுவிடும்.

முன் அறையை மாமா எங்களுக்குத் தந்திருந்தார். ஜன்னலைத் திறந்தால் கடற்காற்றில் எல்லாம் பிசுபிசுக்கும். தகர அலுமாரியின் பிடி துருப்பிடித்து, தொட்டால் கையில் செம்மண் நிறம் ஒட்டும். வாசலில் கோலம் போடக்கூடாது என்பது மாமாவின் முதல் கட்டளை. தமிழ் வீடு என்று ஒழுங்கை முழுக்க ஏன் சொல்ல வேண்டும் என்பார்.

அக்கா ஏ.எல். சோதனையில் கணிதத்தை நன்றாகச் செய்திருந்தாள். பல்கலைக்கழகம் எப்போது கூப்பிடும் என்று யாருக்கும் தெரியாது. சும்மா இருக்கிறாளே என்று மாமாவே காலி வீதியில் ஒரு கொம்பியூட்டர் கிளாஸில் சேர்த்துவிட்டார். கீழே புடவைக்கடை. மேலே ஏறினால் செருப்பைக் கழற்றிவிட்டுப் போகும் ஒரு குளிர் அறை. கறுப்புத் திரையில் பச்சை எழுத்து ஓடும் நாலு மெசின்கள். படிப்பிப்பது ஒரு முஸ்லிம் பெண். அக்காவைவிட ஏழெட்டு வயது மூப்பு இருக்கும். எல்லோரும் 'மிஸ்' என்றே கூப்பிட்டார்கள். கரண்ட் இருக்கும் நேரத்தில் ஆளுக்கு அரை மணித்தியாலம்தான் மெசின். மிச்ச நேரம் கொப்பியில் எழுதிப் பார்க்க வேண்டும்.

ஒருநாள் மிஸ் ஏதோ வெளிநாட்டுச் சஞ்சிகையில் இருந்து போட்டோகொப்பி எடுத்த ஒரு தாளை மேசையில் வைத்துவிட்டுப் போயிருந்தாள். அதில் ஒரு செடி இருந்தது. கை வரைந்ததுபோலத் தெரியவில்லை, மெசின் வரைந்தது. கீழே ஒரு வரி எழுத்து. அந்த ஒற்றை வரியைத் திரும்பத் திரும்ப மாற்றி எழுதினால் அந்தச் செடி வரும் என்று போட்டிருந்தது. அக்கா அதைப் பார்த்து எழுதிக்கொண்டு வந்தாள். அன்றைக்குச் சாப்பிடக் கூப்பிட்டபோது அவள் வரவில்லை.

அவள் செய்ததை என்னால் இன்றைக்கும் சொல்லித்தர முடியும். ஆங்கில எழுத்துகளை விட்டுவிட்டு அவள் தமிழ் எழுத்துகளை வைத்துக்கொண்டாள். 'மு' என்றால் முன்னுக்கு ஒரு கோடு போடு. 'இ' என்றால் இடப்பக்கம் திரும்பு. 'வ' என்றால் வலப்பக்கம் திரும்பு. அவ்வளவுதான். முதலில் ஒரே ஒரு 'மு'. அது ஒரு நேர்கோடு. பிறகு ஒரு விதி. 'மு' எங்கே இருந்தாலும் அதை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் 'மு இ மு வ வ மு இ மு' என்று எழுது. அப்படி எழுதி, ஒவ்வொரு திருப்பத்துக்கும் அறுபது பாகை வைத்து வரைந்தால், நேர்கோட்டின் நடுவில் ஒரு கூடாரம் எழும்பி நிற்கும். இப்போது அந்த வரியில் நாலு 'மு' இருக்கிறது. நாலையும் அதே விதிப்படி மாற்று. நாலு பக்கத்திலும் நாலு சின்னக் கூடாரம். இன்னொரு தரம் மாற்று. எழுத்து ஒரு பக்கம் முழுக்க நிறையும். கோடு நொறுங்கிக் கரையோரம்போல ஆகும்.

எழுதிய வரியைப் பார்த்துக்கொண்டே வரைய முடியாது. கண் தவறிவிடும். அதனால் நான் வாசிக்க வேண்டும்.

"குஞ்சு, மெல்ல வாசி. ஒவ்வொரு எழுத்திலையும் விரலை வை" என்பாள்.

"மு. இ. மு. வ. வ. மு…"

"பொறு, பொறு. ரெண்டு வ வந்திட்டுதோ?"

"ஓம், ரெண்டும் சொல்லீட்டன்."

தாள் மாமா கொண்டு வருவது. கொம்பனியில் ஒரு பக்கம் அச்சடித்து எறியும் கொம்பியூட்டர் தாள். இரு கரையிலும் ஓட்டை ஓட்டையாக, பச்சைக் கோடு போட்டு, ஒன்றோடொன்று மடிந்து நீளும். அந்தத் தாளை இப்போது எங்கும் காணவில்லை. அதன் கரையைக் கிழித்தால் வரும் சத்தமும் ரிப்பன் மையின் மணமும் எனக்கு அக்காவின் மணம்தான். அவள் தரையில் குப்புறப் படுத்து, என்னுடைய பிளாஸ்டிக் பாகைமானியையும் மொட்டை அடிமட்டத்தையும் வைத்து வரைவாள். வியர்வையில் முழங்கை தாளில் ஒட்டும். கரண்ட் நின்றதும் காற்றாடி மெல்லச் சுற்றி நிற்கும். அது நின்றதைக்கூட அவள் அறிய மாட்டாள்.

பிறகு செடிக்கு வந்தாள். செடிக்குக் கிளை வேண்டும். கிளைக்குப் போனால் திரும்பித் தண்டுக்கு வர வேண்டும். அதற்கு இன்னும் இரண்டு எழுத்து. 'நி' என்றால் நிற்கும் இடத்தை நினைவில் வை. 'தி' என்றால் நினைவில் வைத்த இடத்துக்குத் திரும்பி வா. விதி கொஞ்சம் நீண்டது. 'மு நி இ மு தி மு நி வ மு தி மு.' ஒரு தண்டு, இடம் ஒரு குச்சி, வலம் ஒரு குச்சி. மூன்று தரம் மாற்றி வரைந்தபோது ஊர்க் கிணற்றுக் கட்டில் முளைக்கும் பூண்டுபோல ஒன்று தாளில் நின்றது. நான் கை தட்டினேன். அக்கா எழும்பிச் சுவரில் சாய்ந்துகொண்டு அதையே பார்த்தாள். அவள் அப்படிச் சந்தோஷமாக இருந்ததை அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை.

அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. "பக்கம் பக்கமாய் ஒரே எழுத்தை எழுதுறாய். தலைக்குள்ளை ஏதும் பிழையோ பிள்ளை?" என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

மாமா மூக்குக் கண்ணாடியைத் தூக்கி ஒரு தாளைப் பார்த்தார். "இதென்ன?"

"கணக்கு, மாமா."

"கணக்கெண்டால் கடைசியிலை ஒரு விடை வரோணும். இதிலை விடை எங்கை?"

"படம்தான் மாமா விடை. நீங்கள் இருந்தால் போட்டுக் காட்டுறன். தங்கச்சி வாசிப்பாள்."

"எனக்கு அலுவல் கிடக்கு" என்று அவர் தாளைத் திருப்பித் தந்துவிட்டார்.

கிளாஸில் அக்கா தன் அரை மணித்தியாலத்தில் அந்த விதியை மெசினுக்குள் கொடுத்தாள். மெசின் செடியை வரைந்தது. மிஸ் மற்றப் பிள்ளைகளைக் கூப்பிட்டுக் காட்டினாளாம். "நான் ஒரு மாசமா இத பாத்துட்டு இரிக்கன், எனக்கு வரல்ல. நீங்க எப்படிச் செஞ்சீங்க?" என்று கேட்டாளாம். கிளாஸுக்கு உதவிக்கு ஒரு ஆள் எடுக்கப் போகிறோம், முதலாளியிடம் உங்களைப் பற்றிச் சொல்கிறேன் என்றாளாம். அக்கா வீட்டில் எனக்கு மட்டும்தான் சொன்னாள். சரிவந்த பிறகு அம்மாவுக்குச் சொல்லலாம் என்றாள்.

அந்த வாரம்தான் கோட்டைப் பக்கம் குண்டு வெடித்தது. சத்தம் எங்களுக்குக் கேட்கவில்லை. ஆனால் மறுநாள் காலையில் ஒழுங்கையின் இரு முனையையும் அடைத்துக்கொண்டு பொலிஸும் ஆமியும் வந்தார்கள். மாமா வேலைக்குப் போய்விட்டார். பூட்ஸ் சத்தம் படியில் ஏறி வந்தபோது அம்மா அடையாள அட்டைகளையும் பொலிஸ் பதிவுத் துண்டையும் சாமிப் படத்தடியில் இருந்து எடுத்து நீட்டினாள். அவற்றில் பிழை ஒன்றும் இல்லை. போகத் திரும்பியவர்களில் ஒருவன் கட்டிலுக்குக் கீழே குனிந்து பார்த்தான். மடித்து வைத்த தாள்களை இழுத்தான். அது முடியாமல் வந்துகொண்டே இருந்தது.

"மே மொனவத?" என்று கேட்டான். என்ன இது?

தமிழ் தெரிந்த ஒரு கான்ஸ்டபிளைக் கீழே இருந்து கூப்பிட்டார்கள். அக்கா தாளின் மூலையில் எழுத்துகளுக்கு அர்த்தம் எழுதி வைத்திருந்தாள். அவன் அதை உரக்க வாசித்துச் சிங்களத்தில் சொன்னான். முன்னுக்குப் போ. இடம் திரும்பு. வலம் திரும்பு. இடத்தை நினைவில் வை. திரும்பி வா. அவன் வாசிக்க வாசிக்க அம்மாவின் முகம் மாறியதைப் பார்த்தேன். அந்த எழுத்துகளின் அர்த்தம் அம்மாவுக்கும் அன்றைக்குத்தான் தெரிந்தது. யாரோ ஒருவனுக்கு வழி சொல்லும் எழுத்துப்போல அது எனக்கே கேட்டது.

அக்காவை ஜீப்பில் ஏற்றினார்கள். அம்மா என்னைக் கையில் பிடித்து இழுத்துக்கொண்டு, சிங்களமும் தமிழுமாய்க் கெஞ்சிக்கொண்டு, ஒரு ஆட்டோவில் பின்னால் போனாள்.

பொலிஸில் ஒரு நீள வாங்கு. அதில் எங்களுக்கு முன்னமே பெடியன்கள் கொஞ்சப் பேர் இருந்தார்கள். சிலருடைய மேலில் சேட் இல்லை. யாரும் யாரையும் பார்க்கவில்லை. அம்மா என்னை மடிக்குள் அமத்தி வைத்திருந்தாள். நெடுநேரம் கழித்து உள்ளே இருந்து அந்தத் தமிழ் தெரிந்த கான்ஸ்டபிள் வந்தான்.

"அவ சொன்ன, எழுத்த வாசிக்கிற தங்கச்சி இதா? உள்ளுக்கு வரட்டாம்."

அம்மாவும் எழும்பினாள். "நீங்க இரிங்க" என்று அவளைத் தடுத்துவிட்டான்.

உள்ளே மேசைக்குப் பின்னால் ஒரு இன்ஸ்பெக்டர் இருந்தார். அக்கா நின்றுகொண்டிருந்தாள். கண் சிவந்திருந்தது, ஆனால் குரல் நடுங்கவில்லை. "குஞ்சு, வீட்டிலை வாசிக்கிறமாதிரி வாசி. பயப்பிடாதை" என்றாள். அவளுக்கு ஒரு வெள்ளைத் தாளும் பென்சிலும் கொடுத்திருந்தார்கள். பாகைமானி இல்லை. கோணத்தைக் கண்ணளவாகப் போட வேண்டும்.

நான் எங்கள் தாளில் விரலை வைத்து வாசித்தேன். முதலில் என் சத்தம் எனக்கே கேட்கவில்லை. "மு. நி. இ. மு. தி. மு…" அக்கா போட்டுக்கொண்டு போனாள். கான்ஸ்டபிள் ஒவ்வொன்றையும் சிங்களத்தில் சொல்லிக்கொண்டு வந்தான். கொஞ்ச நேரத்தில் இன்ஸ்பெக்டர் கதிரையை முன்னுக்கு இழுத்தார். இன்னும் கொஞ்சத்தில் அவர் கான்ஸ்டபிளைக் கையால் அமத்திவிட்டு, நான் வாசிப்பதற்கு முன்னமே "வமட்ட" என்றார். இடப்பக்கம். நான் 'இ' என்றேன். பிறகு "தகுணட்ட" என்றார். நான் 'வ' என்றேன். அவருக்குப் பிடிபட்டுவிட்டது. கதவடியில் இன்னும் இரண்டு பொலிஸ்காரர் வந்து எட்டிப் பார்த்தார்கள். தாளில் செடி எழும்பிக்கொண்டிருந்தது. கடைசிக் கிளையை அவர் பென்சிலை வாங்கித் தானே போட்டார். கொஞ்சம் கோணலாகப் போய்விட்டது.

"லஸ்ஸணய்" என்றார். அழகாயிருக்கிறது.

அக்காவைப் பார்த்து நங்கி, தங்கச்சி, என்று கூப்பிட்டு ஏதோ நீளமாகச் சொன்னார். கான்ஸ்டபிள் சொன்னான்: "ஐயா சொல்றார், படிக்கிறது நல்லதாம். ஆனா இந்தக் காலத்துல தமிழ் எழுத்துல இப்படி எழுத வேணாமாம். இங்கிலீஷ்ல எழுதட்டாம்." வீட்டில் எடுத்த தாள்களைத் திருப்பித் தந்தார்கள். வரைந்த படத்தை மட்டும் இன்ஸ்பெக்டர் வைத்துக்கொண்டார்.

வெளியே வந்தபோது வாங்கில் அந்தப் பெடியன்கள் அப்படியே இருந்தார்கள். ஒருவன் என்னைப் பார்த்தான். அவனிடம் வரைந்து காட்டுவதற்கு ஒன்றும் இல்லை என்பது எனக்கு வளர்ந்த பிறகுதான் விளங்கியது.

அன்று மாலை மாமா வந்தபோது அம்மா அழுதழுது எல்லாவற்றையும் சொன்னாள். மாமா சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை.

"பொலிஸ் சும்மா விட்டவங்களோ? ஒரு செடியைக் கீறிக் காட்ட விட்டவங்களோ?"

"ஓம் மாமா. அந்த இன்ஸ்பெக்டரும் ஒரு கிளை போட்டவர்" என்றேன் நான்.

"நீ வாயை மூடு." அவர் அக்காவிடம் திரும்பினார். "பிள்ளை, உண்மையைச் சொல்லு. இதை ஆருக்கு எழுதினனி?"

"ஒருத்தருக்கும் இல்லை, மாமா."

"ஒருத்தருக்கும் இல்லாமல் ஒருத்தி நாள் முழுக்க எழுதுவாளோ? இயக்கமோ, இல்லாட்டி எவனும் பெடியனோ?"

"மாமா, பத்து நிமிசம் இருங்கோ. நான் போட்டுக் காட்டுறன். பொலிஸ்காரன் இருந்து பார்த்தவன்."

"அவன் ஏன் விட்டவன் தெரியுமோ? உன்ரை பின்னாலை வந்து ஆரைச் சந்திக்கிறாய் எண்டு பாக்க விட்டவன். உனக்கு விளங்காது." அவர் சப்பாத்தோடு அப்படியே கதிரையில் இருந்துவிட்டார். "என்ரை பிள்ளையள் அங்கை கிடக்குதுகள். இந்த வீட்டிலை ஒரு கேஸ் எண்டு எழுதினாங்கள் எண்டால் நான் என்ன செய்யிறது?"

மாமாவை நான் பல வருடம் வெறுத்தேன். இப்போது அவருடைய அந்த வயதைத் தாண்டிவிட்டேன். பிள்ளைகளின் குரலை மாதத்துக்கு ஒருமுறை ரெலிபோனில் கேட்கும் ஒரு மனுசன், பயத்தில் எதை நம்புவான், எதை நம்ப மாட்டான் என்று ஓரளவு தெரிகிறது. அம்மாவையும் நினைத்துப் பார்க்கிறேன். அவள் கதவுக்கு வெளியே இருந்தவள். பொலிஸ் அறைக்குள் தன் சின்ன மகள் ஏதோ எழுத்துகளைக் கத்திக்கொண்டிருந்ததை மட்டும்தான் கேட்டாள். அண்ணன் சொல்வதா, மகள் சொல்வதா என்று அவள் நின்றபோது அண்ணனின் வீட்டில்தான் நின்றுகொண்டிருந்தாள்.

"சத்தியம் பண்ணு பிள்ளை" என்றாள் அம்மா.

அக்கா அம்மாவைப் பார்த்தாள். சத்தியம் பண்ணாமல் அறைக்குள் போனாள். அதை அவர்கள் குற்றம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

தாள்களை எரிக்க முடியாது. புகை வந்தால் கீழ்வீடு கேட்கும். அம்மா குளியலறைச் சிவப்பு வாளியில் தண்ணீர் பிடித்தாள். தண்ணீரும் அந்த நாளில் அளவுதான். என்னைக் கூப்பிட்டுக் கிழிக்கச் சொன்னாள். நான் கிழித்துப் போட்டேன். அவள் துணி தோய்ப்பதுபோலக் கையால் கசக்கினாள். தண்ணீர் நீலமாகி, பிறகு கறுத்து, கடைசியில் கூழாகியது. அம்மாவின் நகக்கண்களில் மை கிடந்தது. கூழைப் பிழிந்து உருண்டை உருண்டையாக்கி, மீன் செதிலோடு சேர்த்துக் குப்பைப் பையில் கட்டினாள். அறைக்குள் அக்கா கட்டிலில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள்.

கிளாஸ் நின்றது. மாமா பச்சைக் கோட்டுத் தாள் கொண்டுவருவதையும் நிறுத்தினார். ஜேர்மனியில் இருக்கும் ஒரு மாப்பிள்ளையின் பேச்சு ஏற்கனவே மெல்ல நடந்துகொண்டிருந்தது. அது திடீரென்று ஓடத் தொடங்கியது. பொலிஸுக்குப் போய் வந்த பிள்ளை என்று கதை பரவ முன்னம் அனுப்பிவிட வேண்டும் என்றார்கள். மாப்பிள்ளை படத்தில் பனிக்குளிர்ச் சட்டை போட்டு, ஒரு காரில் சாய்ந்து நின்றான். காரும் அவனுடையதுதானா என்று அம்மா மட்டும் ஒருதரம் கேட்டாள்.

அந்த நாட்களில் ஒரு பகல் மிஸ் எங்கள் வீட்டுக்கு வந்தாள். எப்படி முகவரி எடுத்தாளோ தெரியாது. வெயிலில் நடந்து முகம் சிவந்து, கையில் குடையோடு படியில் நின்றாள்.

"அவங்க ஏன் கிளாஸுக்கு வரல்ல, ஆன்டி? முதலாளி ஓமெண்டுட்டாங்க. வாற மாசத்துல இருந்து வேலைக்கு வரச் சொல்றாங்க. அதச் சொல்லத்தான் வந்தேன்."

அம்மா கதவை அரைவாசிதான் திறந்திருந்தாள். "அவ ஊருக்குப் போட்டா பிள்ளை" என்றாள்.

"ஊருக்கா? யாழ்ப்பாணத்துக்கா? இப்பவா?"

"ஓம்."

மிஸ் கீழே பார்த்தாள். வாசலில் அக்காவின் செருப்பு கிடந்தது. நீலப் பட்டி அறுந்து ஊசி குத்தியிருந்த செருப்பு. கிளாஸ் வாசலில் அதை அவள் நாள்தோறும் பார்த்தவள். கொஞ்ச நேரம் அதையே பார்த்தாள். பிறகு, "வந்தாச் சொல்லுங்க, ஆன்டி. எடத்த நான் கொஞ்ச நாளைக்கு வெச்சிட்டு இரிப்பேன்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

நான் அறைக்குள் ஓடினேன். அக்கா கதவுக்குப் பின்னால்தான் நின்றிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். "அக்கா, ஓடிப்போய்க் கூப்பிடட்டோ?" என்றேன். அவள் என் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். எனக்கு மூச்சு முட்டியது. "வேண்டாம் குஞ்சு. அம்மா பொய் சொன்னவ எண்டு ஆகீடும்" என்றாள்.

அக்காவைக் களவாக ஜேர்மனிக்கு அனுப்ப ஒரு ஏஜென்றைப் பிடித்தார்கள். அவன் ஆட்களைக் கொட்டாஞ்சேனையில் ஒரு லொட்ஜில் வைத்திருந்துதான் அனுப்புவான். ஒரு செவ்வாய்க்கிழமை அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு முதலில் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குப் போனாள். நாங்கள் சைவம்தான், என்றாலும் செவ்வாயில் எல்லோரும் அங்கே போவோம். ஆமிச் சோதனை வரிசையில் நின்று, பையைத் திறந்து காட்டி, மெழுகுதிரி கொளுத்திவிட்டு லொட்ஜுக்கு நடந்தோம். துறைமுகப் பக்கத்து எண்ணெய் நாற்றமும் கருவாட்டு நாற்றமும் கலந்து வந்தன. அறையில் நாலைந்து பெண்கள் பாயில் இருந்தார்கள். அக்காவின் தலைமயிரை யாரோ கழுத்தளவுக்கு வெட்டிவிட்டிருந்தார்கள். அவளுக்குத் தந்த கடவுச்சீட்டில் உள்ள வேறு பெண்ணுக்கு அப்படியாம்.

அம்மா அவளுக்குப் பருத்தித்துறை வடையும் ஒரு கம்பளிச் சட்டையும் கொண்டு போயிருந்தாள். சட்டை பழையது; யாரோ வெளிநாட்டில் இருந்து வந்து விட்டுப்போனது. அக்கா அதைப் போட்டுப் பார்த்தாள். அந்த வெக்கையில் எல்லோரும் சிரித்தார்கள்.

எழும்பும்போது அம்மா கேட்டாள். "என்னிலை கோவமோ பிள்ளை?"

"இல்லையம்மா."

"சொல்லு."

அக்கா சட்டையை மடித்துக்கொண்டிருந்தாள். "கோவமில்லை. ஒருக்கா இருந்து பாத்திருக்கலாம், நீங்கள்" என்றாள்.

அவள் போன பிறகு இரண்டு தரம் ரெலிபோன் வந்தது. வீட்டுக்கு இல்லை, காலி வீதியில் உள்ள ஒரு கொமியூனிகேஷன் கடைக்கு. சொன்ன நேரத்துக்குப் போய்க் கண்ணாடிக் கூட்டுக்குள் நிற்க வேண்டும். முதல் தரம் மொஸ்கோ என்றாள். இரண்டாம் தரம் இடத்தின் பெயர் சொல்லவில்லை. "இஞ்சை சரியான குளிர் அம்மா. ஒரு வீட்டுக்குள்ளை கனபேர் இருக்கிறம். ஜன்னலைத் திறக்க விடுறேல்லை" என்றாள். என்னிடம் தரச்சொன்னாள். நான் என்ன கதைப்பது என்று தெரியாமல், சோதனையில் கணிதத்துக்கு எத்தனை என்று சொன்னேன். "கெட்டிக்காரி" என்றாள். அதோடு கட்டாகிவிட்டது.

பிறகு ஒன்றும் வரவில்லை. அம்மா நாள்தோறும் அந்தக் கடைக்குப் போய் ஒரு மூலையில் நின்றாள். கடைக்காரன் முதலில் கதிரை போட்டுக் கொடுத்தான். பிறகு அதைத் திருப்பி எடுத்துக்கொண்டான். ஏஜென்ற் லொட்ஜை மாற்றிவிட்டான். மாப்பிள்ளை வீட்டார் தாங்கள் வேறு இடம் பார்ப்பதாகச் சொல்லிவிட்டார்கள். மாமாவுக்கு நற்சான்றும் விசாவும் ஒரு பிழையும் இல்லாமல் கிடைத்தன. போகிற அன்று அவர் அம்மாவின் முன்னால் நின்று ஏதோ சொல்ல வாயெடுத்தார். அம்மா அவருடைய பெட்டியின் பட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை.

ஒரு வருடம் கழித்து, அந்தக் குழுவில் போன ஒருவன் பிரான்ஸில் இருந்து ரெலிபோன் எடுத்தான். எல்லையில் ஒரு ஆற்றைக் கடக்க எல்லோரையும் இரண்டாகப் பிரித்தார்களாம். தாங்கள் முதலில் கடந்தார்களாம். மற்றவர்களுக்காகக் காட்டுக்குள் விடியுமட்டும் காத்துக் கிடந்தார்களாம், ஒருவரும் வரவில்லையாம். "உங்கடை மகள் மற்றப் பக்கத்திலை நிண்டவ, அம்மா. எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்." இத்தனை வருடத்திலும் எங்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். பிறகு அப்பா வந்து எத்தனையோ அலுவலகப் படி ஏறினார். ஒன்றும் நடக்கவில்லை.

அந்த ரெலிபோன் வந்த கிழமை அம்மா ஒருநாள் முகத்தைக் கழுவி, நல்ல சேலை ஒன்றைக் கட்டி, "வா" என்று என்னைக் கூட்டிக்கொண்டு இறங்கினாள். கோயிலுக்கு என்று நினைத்தேன். காலி வீதியில் புடவைக்கடைக்குப் பக்கத்துப் படியில் ஏறினாள். மேலே செருப்பைக் கழற்றினாள். மிஸ் ஒரு வகுப்பு நடுவில் இருந்தாள். அம்மாவைக் கண்டதும் எழும்பினாள்.

"பிள்ளை, அண்டைக்கு நான் உங்களுக்குப் பொய் சொன்னனான்" என்றாள் அம்மா. "அவள் என்ன எழுதினவள் எண்டு எனக்குக் காட்டுவீங்களோ?"

மிஸ் ஒரு பிள்ளையை மெசினில் இருந்து எழுப்பிவிட்டு அந்தக் கதிரையை அம்மாவுக்குத் தந்தாள். அம்மா மடியில் கையைக் கட்டிக்கொண்டு, நுனியில் இருந்தாள். மிஸ் விதியைக் கொடுத்தாள். கறுப்புத் திரையில் ஒரு பச்சைக் கோடு. அது அழிந்து, ஒரு தண்டும் இரண்டு குச்சியும். அழிந்து, குச்சிக்குள் குச்சி. ஒவ்வொரு தரமும் மெசின் இன்னும் மெதுவாக வரைந்தது. கிளைக்குப் போய், திரும்பித் தண்டுக்கு வந்து, மறு கிளைக்குப் போனது. அம்மா திரைக்கு அருகே குனிந்தாள். அவளுடைய மூச்சுக் காற்றில் கண்ணாடி மங்கித் தெளிந்தது.

செடி திரையின் மேல்விளிம்பைத் தொட்டது. மிஸ் அளவைச் சின்னதாக்கித் திரும்பத் தொடங்கினாள்.

"இதையோ பிள்ளை செய்தவள்?" என்றாள் அம்மா.

"ஓம் ஆன்டி. எங்கட கிளாஸ்ல இத முதல்ல செஞ்சது அவங்கதான்."

"இது எப்ப முடியும்?"

"இது தானா முடியாது, ஆன்டி. போதும் எண்டு நாங்கதான் நிப்பாட்டணும்."

அம்மா தலையாட்டினாள். கண்ணைத் திரையில் இருந்து எடுக்காமல், மிஸ்ஸின் கையை எட்டிப் பிடித்தாள்.

"நிப்பாட்டாதேங்கோ பிள்ளை" என்றாள்.